ஸ்டோர்ஸ்காரரைக் கேட்டீர்களா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, சரக்கையும் கணக்கையும் ஒன்றாகப் பதியும் ஈ.ஆர்.பி. மென்பொருள் போடுவதென்று முடிவெடுத்தால் முதல் அழைப்பு ஆடிட்டருக்குப் போகும். அடுத்தது அக்கவுண்ட்ஸ் பார்ப்பவருக்கு. நூல் மூட்டையை எடை போட்டு இறக்கும் ஸ்டோர்ஸ்காரருக்குச் சேதி கடைசியில்தான் வரும். பாதித் தோல்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது என்பது என் கணிப்பு.

பின்னலாடைத் தொழிலில் சரக்கு ஓரிடத்தில் நிற்காது. நூல் நிட்டிங்குக்குப் போகும். துணியாகிச் சாயப்பட்டறைக்குப் போகும். பிறகு காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றில் பல ஜாப் ஒர்க். முதலாளியும் வேறு, இடமும் வேறு. போகும்போது இருந்த எடை வரும்போது இருக்காது. எவ்வளவு குறையலாம் என்பது துணிக்கும் ஷேடுக்கும் தக்கபடி மாறும். அனுபவப்பட்ட மாஸ்டர் துணியைப் பார்த்தே சொல்லிவிடுவார். கணினிக்கு எண் வேண்டும். “சராசரியா ஒண்ணு போட்டுக்கங்க” என்று முதலாளி சொல்லிவிட்டு எழுந்து போனால், சில மாதங்களில் குடோனில் இல்லாத துணி திரையில் இருக்கும், இருக்கும் துணி திரையில் இருக்காது.

இரவு ஒன்பது மணிக்கு லோடு ஏற்றி நிற்கும் டெம்போவை நினைத்துப் பாருங்கள். டிரைவர் அவசரப்படுகிறார். “டி.சி. காலைல போட்டுக்கலாங்க, வண்டிய விடுங்க” என்று ஒரு குரல். டி.சி. என்பது சரக்கோடு போக வேண்டிய டெலிவரி சலான். துண்டுச் சீட்டில் எடையை எழுதிக் கொடுத்து வண்டி கிளம்பிவிடும். காலையில் சீட்டு யார் சட்டைப் பையில் இருக்கிறதோ, தெரியாது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய மென்பொருளைக் கவிழ்க்க இப்படிப் பத்து இரவுகள் போதும். பிறகு எல்லோரும் பழைய நோட்டுக்கே திரும்புவார்கள். நோட்டில் ஒரு கணக்கு, திரையில் ஒரு கணக்கு, சம்பளம் இரண்டுக்கும்.

இந்த அலட்சியத்துக்கு விலையும் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரியும் வட்டியும் கேட்பார்கள். கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இன்னொரு கட்டுப்பாடும் வந்திருக்கிறது. கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினாலும் தடம் பதிவாக வேண்டும்; அந்த வசதியை அணைத்து வைக்க முடியாது. சிலர் ஈ.ஆர்.பி. என்றாலே முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியே சொல்ல மாட்டார்கள்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. சாக்லேட்டுக்குப் பேர்போன அமெரிக்காவின் ஹெர்ஷே, சுமார் 11 கோடி டாலர் செலவில் புதிய மென்பொருள்களை நிறுவியது. நான்கு ஆண்டு வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்க அவசரப்பட்டு, 1999 ஜூலையில், ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் நேரத்தில் ஓடவிட்டார்கள். கிடங்கில் சரக்கு இருந்தது, கடைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் காலாண்டில் லாபம் 19 சதவீதம் சரிந்தது. ஜெர்மனியின் சூப்பர்மார்க்கெட் நிறுவனமான லிடிலின் கதை வேறு. சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது அவர்கள் வழக்கம், எஸ்.ஏ.பி. மென்பொருளின் இயல்பான அமைப்போ விற்பனை விலையில் மதிப்பிடுவது. வழக்கத்தை விட மனமில்லாமல் மென்பொருளை வளைத்தார்கள். 2011-இல் தொடங்கிய திட்டத்தை 2018-இல் கைவிட்டபோது சுமார் 50 கோடி யூரோ கரைந்திருந்ததாகச் செய்தி வெளியானது.

நம் ஊருக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஷிப்மென்ட் நெருக்கடியில் புதிய மென்பொருளைத் தொடங்காதீர்கள். தொடக்க இருப்பைப் பழைய நோட்டைப் பார்த்து ஏற்றாமல், குடோனில் எடை போட்டு ஏற்றுங்கள். அலுப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது. டி.சி. இல்லாமல் வண்டி நகரக்கூடாது என்ற உத்தரவை முதலாளியே போட வேண்டும், தன் மச்சான் வண்டிக்கும் சேர்த்து.

மென்பொருள் விற்க வருபவர் வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டுவார். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டோர்ஸ்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சாயத்துக்குப் போன ஒரு லாட் எடை குறைந்து, இரண்டு தவணையாகத் திரும்பினால் எப்படிப் பதிவது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.