எதை அளப்பது?

திண்டிவனத்துல இருந்து விழுப்புரத்துக்கு தினமும் பஸ்ல வர்றீங்களா? அப்போ முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஸ்டாப்பிங் தெரிஞ்சிருக்கும். கையில மருந்துச் சீட்டோட ஏறுவாங்க, இறங்குவாங்க. அந்தச் சீட்டுல இருக்கிற ஒவ்வொரு மருந்தும் ஒரு காலத்துல ஏதோ ஒரு லேப்ல வெறும் ஐடியாவா இருந்ததுதான். லேப்ல இருந்து சீட்டுக்கு அது எப்படி வருது? எனக்கு இதைப் புரியவெச்சது சோனியா வல்லப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் கதை.

2010-ல் அவருடைய அம்மா நினைவு, நடை எல்லாம் இழந்து அதே வருஷம் இறந்துபோனார். காரணம் ப்ரியான் நோய். நம்ம மூளையில் இயல்பாக இருக்கும் ஒரு புரதம் தப்பாக மடிந்து, பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடிய வைக்கும். ஒரு ஸ்பூன் உறைமோர் விட்டால் பால் முழுக்கத் தயிராகுதே, கிட்டத்தட்ட அப்படி.

அம்மாவிடம் இருந்தது பரம்பரை வகை. பிள்ளைக்கு வர 50% வாய்ப்பு. 2011-ல் சோனியா டெஸ்ட் எடுத்தார். பாசிட்டிவ்.

அப்போ அவர் ஹார்வர்டில் சட்டம் முடித்தவர். கணவர் எரிக் மினிகல் படித்தது போக்குவரத்துத் திட்டமிடல். ரெண்டு பேரும் அதையெல்லாம் விட்டுவிட்டு, உயிரியலை ஆனா ஆவன்னாவில் இருந்து ஆரம்பித்தார்கள். 2019-ல் சோனியா ஹார்வர்டில் பி.எச்டி. முடித்தார்.

அவர்கள் யோசனை சிம்பிள்: அந்தப் புரதமே குறைந்துவிட்டால் தப்பாக மடிய என்ன இருக்கும்? ஜீன் அனுப்பும் செய்தியை வழியிலேயே அழிக்கும் டெக்னாலஜி அயோனிஸ் என்ற மருந்து கம்பெனியிடம் இருந்தது. எலிகளில் வேலை செய்தது. ஆயுள் 61 முதல் 98% வரை கூடியது.

சிக்கல் அதுக்கப்புறம்தான். மனிதர்களில் எப்படி நிரூபிப்பது? இந்த மரபணு மாற்றம் உள்ளவர்களே ரொம்பக் குறைவு. நோய் முப்பது வயதிலும் வரலாம், எழுபதிலும் வரலாம். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு மருந்து கொடுத்து, யாருக்கு வருதுன்னு பார்த்துக்கொண்டிருந்தால் ட்ரையல் முடிய பல பத்தாண்டுகள் ஆகும். எந்தக் கம்பெனி பணம் போடும்?

அதனால் நோயை விட்டுவிட்டு, முதுகுத் தண்டு நீரில் அந்தப் புரதத்தின் அளவை அளக்கலாம் என்றார்கள். ஆனா மருந்தே இல்லாமல் அந்த அளவு ஏறி இறங்கினால்? ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப சாம்பிள் எடுத்துப் பார்த்தார்கள். அங்கேதான் ஒரு வேடிக்கை. புரதம் பிளாஸ்டிக் ட்யூபில் ஒட்டிக்கொள்வதால் ரீடிங் குறைவாகக் காட்டியது! கொஞ்சம் டிடர்ஜென்ட் சேர்த்ததும் சரியானது. அளவும் நிலையாகவே இருந்தது. (நம்ம ப்ராஜெக்ட்ல சென்சார் ரீடிங்கை எத்தனை பேர் ரெண்டாவது தடவை எடுத்தோம்? நான் எடுக்கலை.)

2017-ல் இந்த வாதத்தை அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் நேரில் போய் வைத்தார்கள். அவர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள். என்னைக் கேட்டா, மூலக்கூறைக் கண்டுபிடிப்பதற்குக் கொஞ்சமும் குறையாத வேலை இது. 2024-ல் அயோனிஸின் ஐ.ஓ.என். 717 மருந்து மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

அந்த முதல் ட்ரையல், நோயின் அறிகுறி தொடங்கியவர்களுக்கு மட்டும். சோனியாவுக்கு அறிகுறி இல்லை. அதனால் அவருக்கு அதில் இடம் இல்லை.