படிக்கப் போன இடத்தில் வால் நட்சத்திரம் பிடித்தார்!

அமெரிக்கா சென்ற மாணவர் கொடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்த கதை

கொடைக்கானல்:-

ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி. பிரையண்ட் பூங்கா. கோக்கர்ஸ் வாக். தூண் பாறை. சாயங்காலம் சாக்லேட்டும் தைல பாட்டிலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால் "கொடைக்கானல் டூர்" முடிந்தது.

அதே ஊரில் மேட்டு உச்சியில் இன்னொரு இடம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம். அங்கே உள்ளவர்களுக்கு ஒரே வேலைதான். சூரியனைக் கண்காணிப்பது! போலீஸ்காரர் சந்தேக ஆசாமியைக் கண்காணிப்பது போல, நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த வேலை நடக்கிறது.

கொடைக்கானல் வான ஆராய்ச்சிக் கூடம் என்று அதற்குப் பெயர்.

1960-ஆம் ஆண்டு இந்தக் கூடத்துக்கு டைரக்டராக ஒருவர் வந்து சேர்ந்தார். தலை நரைத்த பெரியவர் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதுதான்! பெயர் வைணு பாப்பு.

மாணவராக வெளிநாடு போய், அங்கே ஆசிரியருடனும் சக மாணவருடனும் சேர்ந்து வானத்தையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டு ஊர் திரும்பியவர் இவர். அதன் விவரம் வருமாறு:-

காலேஜ் படிக்கும்போதே கட்டுரை

பாப்புவின் பூர்வீகம் கேரளத்தில் உள்ள தலச்சேரி. பிறந்தது சென்னை. 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி. வளர்ந்தது ஐதராபாத். அங்கே உள்ள நிசாமியா வான ஆராய்ச்சிக் கூடத்தில் தகப்பனாருக்கு வேலை. மற்ற பிள்ளைகள் கோலி விளையாடிய வயதில் இந்தப் பிள்ளைக்கு டெலஸ்கோப் பழக்கமாகிவிட்டது.

நிசாம் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோதே நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஹார்வர்டு வான ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக இருந்த ஹார்லோ ஷேப்லி இந்தியா வந்திருந்தபோது அவரையும் போய்ப் பார்த்தார்.

பிறகு ஐதராபாத் சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1949-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தார். வயது 21.

ஜூலை 2, ராத்திரி

புது ஊர். புதுக் குளிர். புதுச் சாப்பாடு. சாதாரணமாக ஒரு மாணவர் வழி தெரிந்து பழகவே ஆறு மாதம் ஆகும். பாப்புவுக்கு அந்த ஆறு மாதத்தில் நடந்ததே வேறு!

அங்கே மாணவர்களுக்கு ராத்திரியில்தான் பாடம். ஊரை விட்டுத் தள்ளி இருந்த கூடத்தில் டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்து வானத்தைப் படம் பிடிக்க வேண்டும். இன்றைக்குப் போல் செல்போனில் தட்டியதும் வருகிற படம் இல்லை. மருந்து பூசிய கண்ணாடித் தகட்டை டெலஸ்கோப்பில் மாட்ட வேண்டும். வானம் நகர நகர டெலஸ்கோப்பும் கூடவே நகர வேண்டும். பிறகு இருட்டறைக்கு எடுத்துப் போய்க் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியாகப் பார்க்க வேண்டும். கல்யாண போட்டோ எடுத்த பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

ஜூலை 2-ந் தேதி எடுத்த தகடு பாப்புவின் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கில் நட்சத்திரப் புள்ளிகள். அவற்றின் நடுவே ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. கூட்டத்தில் பிக்பாக்கெட்காரன் தனியாகத் தெரிவது போல!

ஆசிரியர் பார்ட் பாக்கும், சக மாணவர் கார்டன் நியூகர்க்கும் அதில் சேர்ந்துகொண்டார்கள். சரிபார்த்தார்கள். சந்தேகமே இல்லை. அதுவரை யார் கண்ணிலும் படாத புதிய வால் நட்சத்திரம்!

கண்டுபிடித்தவர் பெயரையே வால் நட்சத்திரத்துக்கு வைப்பது வழக்கம். இதற்கு மூன்று பேர் பெயரும் வந்தது. "பாப்பு - பாக் - நியூகர்க் வால் நட்சத்திரம்". முதல் பெயர் ஐதராபாத் மாணவருடையது. வாத்தியார் பெயர் அதற்குப் பின்னால்தான்!

அமெரிக்காவில் உள்ள பசிபிக் வானியல் சங்கம் அந்த ஆண்டே பாப்புவுக்கு டோனஹோ பதக்கம் கொடுத்தது.

வால் நட்சத்திரம் தோன்றினால் ராஜாவுக்கு ஆகாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஆனால் ஐதராபாத்தில் நிஜாமின் ஆட்சி 1948 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. வால் நட்சத்திரம் வந்தது 1949-ல். பழியை அதன் மேல் போட முடியாது!

பெட்ரோமாக்ஸா? அகல் விளக்கா?

1952-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அடுத்து கலிபோர்னியாவில் உள்ள மவுண்ட் வில்சன், பாலோமர் வான ஆராய்ச்சிக் கூடங்களில் வேலை செய்ய வாய்ப்பு. அன்றைக்கு உலகிலேயே பெரிய டெலஸ்கோப் பாலோமரில்தான் இருந்தது. கண்ணாடியின் குறுக்களவு 200 அங்குலம். இந்தத் தொழிலில் அதற்கு மேல் ஒரு இடம் அப்போது கிடையாது.

அங்கே ஓலின் வில்சன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பாப்பு செய்த ஆராய்ச்சிதான் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது. 1957-ல் அது முழுதாக வெளிவந்தது. "வில்சன் - பாப்பு விளைவு" என்று உலகம் முழுவதும் பாடப்புத்தகத்தில் சேர்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். ராத்திரி மலைப்பாதையில் போகிறோம். எங்கோ ஒரு வெளிச்சம் தெரிகிறது. அது பக்கத்தில் எரியும் அகல் விளக்கா, தூரத்தில் எரியும் பெட்ரோமாக்ஸா? வெறும் கண்ணால் சொல்ல முடியாது. நட்சத்திரத்திலும் இதே சிக்கல்.

நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அதில் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தன் கோடுகளை அதில் விட்டுச் செல்கிறது. கைரேகை மாதிரி! அதில் கால்சியத்தின் கோடு ஒன்று இருக்கிறது. நம் எலும்பிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் அதே கால்சியம்தான். சூரியனைப் போன்ற நட்சத்திரங்களிலும், அதைவிடக் குளிர்ந்த நட்சத்திரங்களிலும் அந்தக் கோட்டின் நடுவில் ஒளிரும் பகுதி எவ்வளவு அகலம் என்று அளந்தால், நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும். உண்மையான பிரகாசம் தெரிந்தால் அது எவ்வளவு தூரம் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம்.

இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பாப்பு அமெரிக்காவில் எந்தக் கால்சியக் கோட்டைத் துருவிக்கொண்டிருந்தாரோ, அதே கால்சிய ஒளியில்தான் கொடைக்கானல் மலைக்காரர்கள் 1900-களின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படம் பிடித்து அடுக்கி வைத்திருந்தார்கள்!

பஞ்சத்தில் பிறந்த கூடம்

கொடைக்கானலில் சூரியனைப் பார்க்க ஒரு கூடம் ஏன் வந்தது?

அதற்குக் காரணம் பசி. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். மழை ஏன் பொய்த்தது என்று விசாரணை நடந்தது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம். சூரியனைத் தினமும் கவனிக்க ஒரு கூடம் வேண்டும் என்ற பேச்சு அப்படித்தான் பலமானது. 1895-ல் கொடைக்கானலில் அஸ்திவாரக்கல் நடப்பட்டது. 1899-ல் கூடம் முறையாகத் தொடங்கியது. ரொம்ப காலம் அது வானிலை இலாகாவின் கீழேதான் இருந்தது.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் இங்கேதான் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார். சூரியனின் கரும்புள்ளியில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று காட்டினார். உலகமே இன்றும் அதை "எவர்ஷெட் விளைவு" என்கிறது.

கடல் கடந்த கோஷ்டி

கொடைக்கானல் கூடத்துக்கு வெளிநாட்டுப் பயணமும் புதிது அல்ல. 1922 செப்டம்பர் 21-ந் தேதி முழு சூரிய கிரகணம். ஐன்ஸ்டீன் சொன்னது சரியா என்று சோதிக்க எவர்ஷெட்டும் அவர் மனைவி மேரியும் இங்கிருந்து கருவிகளோடு மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள வல்லால் என்ற கடற்கரைக்குப் போனார்கள். அத்தனை தூரம் போயும் கருவி காலை வாரிவிட்டது. அதே கடற்கரையில் இறங்கிய அமெரிக்கக் கோஷ்டிக்கு நல்ல படம் கிடைத்தது. கொடைக்கானல் கோஷ்டி வெறுங்கையோடு திரும்பியது.

பிற்காலத்தில் பாப்புவும் 1970 மார்ச் 7-ந் தேதி கிரகணத்துக்காகத் தன் சகாக்களோடு மெக்சிகோ வரை போய் வந்தார்.

திரும்பி வந்தார்

1953-ல் பாப்பு இந்தியா திரும்பினார்.

உலகின் பெரிய டெலஸ்கோப்பில் வேலை பார்த்தவர். வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவர். அவருக்கு இங்கே காத்திருந்தது என்ன? முதலில் உத்தரப் பிரதேச மாநில வான ஆராய்ச்சிக் கூடம். அப்போதுதான் தொடங்கியிருந்த கூடம் அது. அதை நைனிடால் மலையில் நிலைநிறுத்தினார். அதன் பிறகுதான் 1960-ல் கொடைக்கானல்.

இங்கே இன்னொரு பிரச்சினை. சூரியனைப் பார்க்கக் கொடைக்கானலின் காலை வேளை அருமை. ஆனால் ராத்திரியில் நட்சத்திரம் பார்க்க வேண்டுமே? டூரிஸ்டுக்கு இன்பம் தருகிற மேகமும் மூடுபனியும் டெலஸ்கோப்புக்கு எதிரி!

பாப்பு சும்மா இருப்பாரா? நல்ல வானம் தேடிப் புறப்பட்டார். கிடைத்த இடம் ஜவ்வாது மலையில் ஆலங்காயம் பக்கத்தில் உள்ள காவலூர். சுற்றிலும் காடு. பெரிய ஊர்களின் விளக்கு வெளிச்சம் இல்லை. பூமியின் நடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதால் தென்பக்க வானமும் நன்றாகத் தெரியும்.

1968-ல் அங்கே ஒரு சிறிய டெலஸ்கோப் வேலை தொடங்கியது. 38 சென்டிமீட்டர்தான். ஆனால் சொந்தப் பட்டறையில் செய்தது! 1972-ல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977 மார்ச் 10-ந் தேதி, யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் கண்டுகொண்ட அந்த இரவில், காவலூரிலிருந்தும் அதைக் கவனித்துப் பதிவு செய்தார்கள். வாணியம்பாடி பக்கத்து மலைக் கிராமத்தின் பெயர் உலக விஞ்ஞானப் பத்திரிகைகளில் ஏறியது.

இதற்கிடையே 1971-ல் கொடைக்கானல் கூடம் வானிலை இலாகாவை விட்டுப் பிரிந்து, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆனது. அதையும் முன்னின்று செய்தவர் பாப்புதான்.

பார்க்காமலே போனார்

பாலோமரைப் பார்த்த கண்ணுக்கு ஒரு ஆசை இருந்தது. நம் நாட்டிலும் ஒரு பெரிய டெலஸ்கோப். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருவது அல்ல. நம் ஆட்களே திட்டம் போட்டு, நம் ஆட்களே கண்ணாடி தேய்த்து, நம் தொழிற்சாலையிலேயே இரும்பு வேலை செய்தது.

2.34 மீட்டர் டெலஸ்கோப் வேலை ஆரம்பமானது. கண்ணாடியை மெருகேற்றும் வேலை பெங்களூரில் நடந்தது. தலைமுடி அளவு பிசகினாலும் எல்லாம் வீண். அவசரப்படுத்த முடியாத வேலை. வருஷங்கள் ஓடின.

1979-ல் உலக வானியல் விஞ்ஞானிகளின் சங்கத்துக்கே பாப்பு தலைவரானார். 1982 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டில் அந்தச் சங்கத்தின் மாநாடு. தலைவர் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆனால் மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்டு 19-ந் தேதி, ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகரில் பாப்பு காலமானார். இருதய நோய். வயது 55.

காவலூர் டெலஸ்கோப் முடிந்தது 1986-ல். ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அதற்கு "வைணு பாப்பு டெலஸ்கோப்" என்று பெயர் சூட்டினார். ஆசைப்பட்டவர் ஒரு ராத்திரிகூட அதன் வழியாகப் பார்க்கவில்லை.

கணக்கு என்ன?

இன்றைக்கு மதுரையிலும் திண்டுக்கல்லிலும் தெருவுக்கு ஒரு வீட்டில் "பையன் பாரினில் படிக்கிறான்" என்ற பேச்சு கேட்கிறது. நகையை அடகு வைத்து, பேங்கில் கடன் வாங்கி அனுப்புகிறார்கள். போன பிள்ளை அங்கேயே தங்குவதும் திரும்புவதும் அவரவர் நிலைமை. அதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. கடனைக் கட்ட வேண்டாமா?

ஆனால் 1949-ல் ஒரு மாணவருக்குச் சர்க்கார் கொடுத்த உபகாரச் சம்பளம் என்னவாகத் திரும்பி வந்தது என்று கூட்டிப் பார்க்கலாம். நைனிடால், கொடைக்கானல், காவலூர். பட்டறையில் கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொண்டவர்கள். இருட்டில் டெலஸ்கோப் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். அவர்களிடம் கற்ற அடுத்த தலைமுறை. அத்தனையும் அந்த வரவில்தான் சேரும்.

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியோடு திரும்பிவிட வேண்டாம். மேட்டு உச்சியில் உள்ள கூடத்தில் பொதுமக்கள் பார்ப்பதற்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். அங்கே மேகம் விலகி வெயில் தலைகாட்டும் காலை நேரத்தில் சூரியனைப் படம் பிடிக்கிறார்கள். அன்று கண்ணாடித் தகட்டில். இன்று கம்ப்யூட்டரில்.