மாணவர் விடுதிகளில் தீப்பாதுகாப்பு (காவிரிப் படுகை)

மாணவர் விடுதித் தீப்பாதுகாப்பு என்பது பல்கலைக்கழகம், கல்லூரி, பள்ளி ஆகியவற்றைச் சார்ந்த தங்கும் விடுதிகளில் தீ பிடிக்காமல் தடுப்பதையும், பிடித்தால் உள்ளே இருப்போர் உயிருடன் வெளியேற வழி வைத்திருப்பதையும் குறிக்கும். இரண்டாவது பகுதி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. தீயணைப்புக் கருவியைச் சுவரில் மாட்டிவிட்டு, மாடிப்படியின் இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியைக் காப்பாளர் எடுத்துச் செல்லும் விடுதியில் தீப்பாதுகாப்பு இருப்பதாகச் சொல்ல முடியாது.

காவிரிப் படுகையில் விடுதி மாணவர் எண்ணிக்கை பெரிது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் (1929), தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் (1981), திருவாரூர் அருகே தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் (2009) ஆகியவற்றுடன் தனியார் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இங்குள்ளன. அரசு நலத்துறை விடுதிகளும், கல்லூரிகளைச் சுற்றி வீடுகளை மாற்றி நடத்தப்படும் தனியார் விடுதிகளும் பல. தமிழ்நாட்டின் மிகக் கொடிய தீவிபத்துகளில் சில நடந்ததும் இப்பகுதியில்தான்.

கீற்றுக் கூரை

நெல்லும் தென்னையும் விளையும் ஊர்களில் கூரைக்குக் கீற்றும் வைக்கோலும் மலிவாகக் கிடைத்தன. கீற்றுக் கொட்டகை வெயிலைத் தாங்கும், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், ஒரே நாளில் போட்டு முடிக்கலாம். அதனால் வீட்டுக்கும், கோயில் பந்தலுக்கும், கல்யாண மண்டபத்து மாடிக்கும், பள்ளிக்கும் அதுவே கூரையானது. காய்ந்த கீற்று தீக்கு ஏற்ற பொருள். ஓலைகள் மெல்லியவை, இடையிடையே காற்று நிற்கும், ஒரு முனையில் பற்றிய தீ சில நிமிடங்களில் முழுக் கூரைக்கும் பரவிவிடும். எரியும் துண்டுகள் கீழே உதிரும். மூங்கிலைக் கட்டிய கயிறு கருகியதும் கூரை மொத்தமாகச் சரிந்து உள்ளே இருப்பவர்கள் மேல் விழும்.

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றியதில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2004 சனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றின் மாடியில் போட்டிருந்த பந்தல் எரிந்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் செய்தி மறக்கப்படும் முன்பே, ஆறு மாதத்துக்குள், கும்பகோணத்தில் அதைவிடப் பெரிய இழப்பு நேர்ந்தது.

கும்பகோணம் பள்ளித் தீவிபத்து

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இயங்கிவந்தன. முற்பகலில் மதிய உணவு சமைத்துக்கொண்டிருந்த சமையற்கூடத்தில் எழுந்த தீ, அருகிலிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. அந்தக் கூரையின் கீழ், மாடியில், தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு மட்டுமே இருந்தது. எரியும் கூரை சரிந்து குழந்தைகள் மேல் விழுந்தது. 94 குழந்தைகள் இறந்தனர். 18 பேர் காயமடைந்தனர்.

விபத்தை விசாரிக்க நீதிபதி கே. சம்பத் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. குற்ற வழக்கு பத்தாண்டு இழுத்தது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்து 11 பேரை விடுவித்தது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் தண்டனைகள் சிலவற்றைக் குறைத்தது, சிலரை விடுவித்தது. குழந்தைகளை இழந்த பெற்றோர் ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இவ்விபத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் (அவினாஷ் மெஹ்ரோத்ரா எதிர் இந்திய ஒன்றியம்) 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான கட்டடத்தில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று நீதிமன்றம் கூறியது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் வைக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் அவற்றைக் கையாளப் பயிற்சி தர வேண்டும், எளிதில் தீப்பற்றும் பொருள்களை வளாகத்தில் வைக்கக் கூடாது, கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்ப்பு பேசியது பள்ளிகளைப் பற்றி. விடுதி வேறு வகைக் கட்டடம்: தேசியக் கட்டட விதித்தொகுப்பு பள்ளியைக் கல்விக் கட்டடங்களில் சேர்க்கிறது, மாணவர் உறங்கும் கூடங்களைக் குடியிருப்புப் பிரிவில் வைக்கிறது. காரணம் எளிது. விடுதியில் ஆள்கள் தூங்குகிறார்கள்.

இரவும் பூட்டும்

பகலில் தீப்பிடித்தால் யாராவது ஒருவர் பார்த்துவிடுவார். இரவில் அப்படியில்லை. தூக்கத்தில் மோப்ப உணர்வு மங்கிவிடும். புகை நாற்றம் எழுப்பிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. தீவிபத்துகளில் பலர் சுடர் தங்களை எட்டும் முன்பே கார்பன் மோனாக்சைடு கலந்த புகையைச் சுவாசித்து மயங்கி இறக்கிறார்கள். நடைபாதையில் புகை உணர் கருவி பொருத்துவது, விடுதிக்குச் செய்யும் செலவுகளில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது. ஆனாலும் பல விடுதிகளில் கண்காணிப்புக் கேமரா இருக்கும்; அது இருக்காது.

அடுத்தது பூட்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை எரிந்தபோது, உள்ளே சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். விடுதியில் சங்கிலி இல்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பூட்டப்படும் இரும்புக் கதவும், திருட்டுக்குப் பயந்து எல்லாச் சன்னலுக்கும் போட்ட கம்பியும், மொட்டை மாடிக் கதவில் தொங்கும் பூட்டும் சேர்ந்தால் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். பெண்கள் விடுதிகளில் இது இன்னும் கடுமையாக இருக்கும். பாதுகாப்புக்காகவே பூட்டுவதாகச் சொல்வார்கள். வெளியிலிருந்து திறக்க முடியாததாகவும், உள்ளிருந்து சாவியின்றித் தள்ளினால் திறப்பதாகவும் உள்ள தாழ்ப்பாள்கள் கிடைக்கின்றன. அது இயலாத இடத்தில், ஒவ்வொரு தளத்திலும் சாவி எங்கே இருக்கிறது என்று அங்கு தங்குவோர் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தளத்துக்கு ஒரு சன்னல் கம்பியையாவது கீல் வைத்துத் திறக்கும்படி அமைக்கலாம்.

2024 செப்டம்பர் 12 அதிகாலையில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் ஏற்பட்ட தீயில் இரண்டு பெண்கள் இறந்தனர். குளிர்பதனப் பெட்டி வெடித்ததால் தீ எழுந்ததாகச் செய்திகள் கூறின. கீற்று போனாலும் தீ போகவில்லை. அது மின்கம்பிக்குள் புகுந்துகொண்டது.

தமிழ்நாட்டில் பெண்களும் சிறாரும் தங்கும் விடுதிகளை நடத்த 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டும். வயது வந்த ஆண் மாணவர்கள் மட்டும் தங்கும் தனியார் விடுதிகள் இச்சட்டத்துக்குள் வருவதில்லை. மகனை அங்கே சேர்க்கும் பெற்றோர் வாடகையையும் சாப்பாட்டையும் விசாரிப்பதோடு, இரண்டாவது படிக்கட்டு எங்கே என்றும் கேட்பது நல்லது.

அறைக்குள் மின்சாரம்

பழைய வீட்டை விடுதியாக்கும்போது ஒரு குடும்பத்துக்கென்று போட்ட வயரிங்கில் பதினைந்து பேர் வாழத் தொடங்குகிறார்கள். சாதாரணச் சிறிய பிளக் 6 ஆம்பியருக்கு உரியது. 230 வோல்ட்டில் அது தாங்குவது ஏறத்தாழ 1,380 வாட். வாளியில் போடும் ஹீட்டர் கம்பி 1,500 வாட் இழுக்கும்; இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும். இவற்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் கம்பி சூடேறி, மேலுறை உருகி, மெத்தையோ திரைச்சீலையோ பற்றும். சுமை கூடும்போது எம்.சி.பி. விழுவது பழுதன்று, அதன் வேலையே அதுதான். அடிக்கடி விழுகிறதென்று பெரிய அளவு எம்.சி.பி. மாற்றுவதும், பழைய ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவதும் எச்சரிக்கை மணியைக் கழற்றி வீசுவதற்குச் சமம். கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது, மின் இருசக்கர வண்டியைப் படிக்கட்டின் கீழ் சார்ஜ் போடுவது ஆகிய இரண்டும் புதிய வழக்கங்கள். பின்னது மிகவும் ஆபத்தானது. பற்றினால் வெளியேறும் வழியே எரியும்.

கொசு மிகுந்த ஊர்களில் கொசுவத்திச் சுருள் தவிர்க்க முடியாதது. அதை மண் தட்டில், கட்டிலிலிருந்து தள்ளி வைத்தால் போதும்.

சமையற்கூடம்

கும்பகோணத்தில் தீ தொடங்கிய இடம் என்பதால் இது தனியாகக் கவனிக்கத் தக்கது. சமையற்கூடம் படுக்கையறைகளை ஒட்டியோ மாடிப்படியின் கீழோ இருக்கக் கூடாது. விடுதிகளில் பயன்படும் 19 கிலோ வணிக சிலிண்டர்களைக் கட்டடத்துக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நிறுத்திக் குழாய் வழியே எரிவாயுவைக் கொண்டுவரலாம். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அப்போது சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

வாணலி எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெயின் வெப்பநிலை நீரின் கொதிநிலையைவிட மிக அதிகம். ஊற்றிய நீர் நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசும். அடுப்பை அணைத்து மூடி போட்டு மூட வேண்டும்.

தீப்பிடித்தால்

தீ சிறிதாக இருந்து, முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழியும் இருந்தால் மட்டுமே அணைக்க முயலலாம். கருவியின் ஊசியை இழுத்து, சுடரை நோக்கியல்லாமல் அதன் அடியை நோக்கிப் பீய்ச்ச வேண்டும்; கையில் தூக்கும் கருவி சில விநாடிகளில் தீர்ந்துவிடும். மற்றபடி, அறைக் கதவைச் சாத்திவிட்டு, கதவுகளைத் தட்டி எழுப்பியபடி இறங்க வேண்டும். புகை மேலே நிற்பதால் குனிந்தோ தவழ்ந்தோ போக வேண்டும். கதவு சுட்டால் திறக்கக் கூடாது; இடுக்கை ஈரத் துணியால் அடைத்துவிட்டுச் சன்னலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். பெட்டி, மடிக்கணினி, சான்றிதழ் எதற்காகவும் திரும்பக் கூடாது. வெளியே வந்ததும் ஓரிடத்தில் கூடித் தலை எண்ண வேண்டும். இதற்கு வருகைப் பதிவேடு வாயிலருகே இருப்பது உதவும். இந்த ஒத்திகையை ஆண்டுக்கு ஒருமுறையாவது இரவில், முன்னறிவிப்பின்றிச் செய்து பார்த்தால்தான் எந்தப் பூட்டு திறக்கவில்லை என்பது தெரியும்.

தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழைக்கலாம். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற கோயில் ஊர்களின் உள்தெருக்கள் குறுகியவை. வண்டிகளும் இருபுறம் நிற்கும். அழைப்பவர் தெருப்பெயரோடு அருகிலுள்ள கோயிலையோ குளத்தையோ அடையாளம் சொல்ல வேண்டும். இருவர் தெருமுனைக்குப் போய் நின்று, தீயணைப்பு வண்டி நுழைய வழியிலுள்ள இருசக்கர வண்டிகளை நகர்த்தி வைக்க வேண்டும்.