குடும்பமாக வீடு கட்டும் தொழிலும் எழுதி வைக்காத கணக்குகளும்

கல்முனைக் கரையோரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். கீழ் வீடு முடிந்து ஆட்கள் குடியிருப்பார்கள். மேலே பிளேட்டில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி துருவேறி நிற்கும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, பணம் முடிந்து வேலையை நிறுத்திவிட்டார்கள் போலும் என்று எண்ணிக்கொள்வதுண்டு. எமக்கு விடயம் தெரியும். அந்தக் கம்பிகள் இரண்டாவது மகளுடைய வீடு.

கிழக்கிலே எம்மவர்கள் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடித்து வைக்கிறார்கள். காணி விலை ஏறிவிட்டதால் இரண்டாவது, மூன்றாவது மகளுக்கு வீடு மேல் நோக்கித்தான் வளர வேண்டியுள்ளது. இந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறொரு கட்டுரைக்குரியது. உலமாக்களும் அதுபற்றிப் பேசியே வருகிறார்கள். ஆனால் எனது குடும்பம் உட்பட இப்பகுதியில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டு வந்தது இந்த வழக்கம்தான் என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

வாப்பா கையாளாக வேலைக்குப் போய் மேசனானவர். மூத்த காக்கா 1998 இல் படிப்பை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்தார். நான் பின்னர் வந்து கணக்கு, பொருள் எடுப்பது, பிரதேச சபைக் காரியங்கள் என்பவற்றைப் பார்த்தேன். தம்பி கட்டாருக்குப் போய்விட்டான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுவதும் ஒரே நேரத்தில் வீடு கட்ட வேண்டியேற்பட்டபோது எங்களைப் போன்ற சிறிய மேசன் குடும்பங்கள் பலவும் திடீரென்று கொந்தராத்துக்காரர்களாகின. நேற்றுவரை மற்றவரிடம் கூலிக்குப் போனவர் இன்று பதினைந்து பேருக்குக் கூலி கொடுப்பவரானார். வேலை தெரிந்திருந்தது. கொந்தராத்து நடத்துவது வேறு தொழில் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.

இத்தகைய குடும்பத் தொழிலின் பலம் என்னவென்பதைத் தொழில் செய்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காரியாலயம் இல்லை, விளம்பரம் இல்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒருவர் தோளில் கை போட்டு, "மகளுக்கு நாள் வைத்துவிட்டோம், எப்ப தொடங்கலாம்?" என்பார். அதுதான் ஒப்பந்தம். பிழை செய்துவிட்டு மறைந்து திரியவும் முடியாது, அடுத்த வெள்ளிக்கிழமை அதே பள்ளிவாசலில் முகம் கொடுக்க வேண்டும். பெரிய கம்பனிகள் எவ்வளவு செலவழித்தும் பெற முடியாத நம்பிக்கை இது.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எல்லாம் ஒரே பை. வீட்டுச் செலவு, கூலி, சீமெந்துக் காசு, ராத்தாவின் மகப்பேற்றுச் செலவு எல்லாமே வாப்பாவின் சட்டைப் பையிலிருந்துதான் போனது. இதில் மிக ஆபத்தானது முற்பணம். ஒருவர் அத்திவாரத்துக்கென்று ஐந்து இலட்சம் தருகிறார். அந்தக் கிழமை வேறொரு வீட்டில் பிளேட் போட வேண்டும், அந்த வீட்டுக்காரருடைய காசு வரத் தாமதம். ஐந்து இலட்சம் அங்கே போகிறது. பின்னர் இந்த அத்திவாரத்துக்கு மூன்றாவது வீட்டின் முற்பணம் வர வேண்டும். புதிய வேலைகள் வந்துகொண்டிருக்கும்வரை இது ஓடும். கொந்தராத்துக்காரருக்கே தாம் நஷ்டத்தில் இருப்பது தெரியாது. வேலை வரத்து ஒரு மாதம் நின்றால் மூன்று வீடுகளும் சேர்ந்து நிற்கும். "காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டான்" என்று ஊர் பேசும் பலரும் உண்மையில் ஏமாற்றவில்லை, ஒரு வீட்டின் காசால் மற்ற வீட்டைக் கட்டியவர்களே. பாதிக்கப்பட்டவருக்கு அதனால் ஆறுதல் இல்லை என்பது வேறு.

இதற்கு நாங்கள் கண்ட மருந்து எளிமையானது. வீட்டுக்கொரு கொப்பி. அத்திவாரம், லிண்டல் மட்டம், பிளேட், பூச்சு, முடிப்பு வேலை என்று கட்டம் பிரித்து, அந்தந்தக் கட்டத்துக்கு மட்டுமே காசு. பெரிய பொருட்களை வீட்டுக்காரரே ஹாட்வெயாரில் நேரடியாக எடுத்துத் தந்தால் இன்னும் நல்லது. கூலிக் கொந்தராத்தில் இலாபம் குறைவு என்று காக்கா முதலில் முணுமுணுத்தார். இரவில் தூக்கம் வருகிறது என்று இப்போது அவரே சொல்கிறார்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பது எமது ஊர் வழக்கம். அது விலை நிலையாக இருக்கும் காலத்துக்குரியது. 2021 கடைசியில் நாங்கள் ஒரு மேல்மாடியைப் பொருளோடு சதுர அடிக் கணக்கில் ஒப்புக்கொண்டோம். அதே ஆண்டு தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை, 2022 இல் மூவாயிரம் ரூபா மட்டத்துக்குப் போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கனத்தில் பிளேட் போட ஏறத்தாழ நாலேகால் கியூப் கொன்கிரீட் வேண்டும். ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற கலவையில் அதற்குச் சுமார் 75 பை சீமெந்து போகும். பைக்கு இரண்டாயிரம் கூடினால் பிளேட்டின் சீமெந்தில் மட்டும் ஒன்றரை இலட்சம் ரூபா. கம்பி, டைல்ஸ், வயர், பெயின்ட் இவற்றை நான் இன்னும் சேர்க்கவில்லை.

வீட்டுக்காரரிடம் பேசுவோம் என்றேன் நான். வாயால் சொன்னது சொன்னதுதான் என்றார் காக்கா. இறுதியில் இருவரும் போனோம். அவர் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். அவரிடமும் மேலதிகமாக ஒன்றும் இல்லை, மகளுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சீமெந்தினதும் கம்பியினதும் கூடிய விலையில் பாதியை அவர் ஏற்றார், மீதியை நாங்கள் சுமந்தோம். டைல்ஸ் பதிக்காமல் சீமெந்துத் தரையோடு கலியாணம் நடந்தது. அந்த நஷ்டத்தை அடைக்க எங்களுக்கு இரண்டு வருடங்கள் பிடித்தன. இப்போது எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: ஒப்பமிடும் நாளில் சீமெந்து, கம்பி என்பவற்றின் விலை இன்னது, அது நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ வித்தியாசம் வீட்டுக்காரரைச் சேரும். இறங்கினாலும் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் யாரும் ஒப்பமிட மாட்டார்கள், ஒப்பமிடவும் கூடாது.

பழைய வீட்டைத் திருத்தும் வேலை இன்னும் சிக்கலானது. நான் முதலில் சொன்ன அந்தக் கம்பிகளையே எடுத்துக்கொள்வோம். கடற்காற்றில் எட்டுப் பத்து வருடங்கள் திறந்து நின்ற கம்பி மேலே மட்டும் துருப்பிடித்திருக்கிறதா, பிளேட்டுக்குள்ளும் இறங்கிவிட்டதா என்பதை உடைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. கழுவாத கடல் மணலால் கட்டியிருந்தால் உப்பு உள்ளேயே இருக்கும். கம்பி ஊதிக் கொன்கிரீட் வெடித்திருக்கும். அத்திவாரம் ஒரு மாடிக்கா, இரண்டு மாடிக்கா போட்டார்கள் என்று கேட்டால், "வாப்பா நல்லாத்தான் போட்டார்" என்பதுதான் பதில். ஆகவே திருத்த வேலைக்குச் சதுர அடி விலை சொல்பவரை நம்ப வேண்டாம். முதலில் இரண்டு மூன்று இடங்களில் தோண்டியும் உடைத்தும் பார்ப்பதற்கென்று சிறு தொகை வாங்க வேண்டும். பொறியியலாளர் ஒருவருக்குக் காட்ட வேண்டும், பிறகுதான் விலை. இதனால் வேலை கைநழுவிப் போன சந்தர்ப்பங்களும் உண்டு. கீழ் வீட்டுக்காரர்களும் சொந்தக்காரர்களே என்பதை நினைத்தால் அது பெரிய விடயமல்ல. புதிதாகக் கட்டுபவர்கள், மேலே நீட்டும் கம்பிக்குச் சீமெந்துச் சாந்து பூசி, நலிந்த கொன்கிரீட்டால் மூடி வைத்தால் பிற்காலத்தில் பெரும் செலவு மிச்சமாகும்.

இனிச் சட்டம். ஹாட்வெயார் வைத்திருக்கும் வியாபாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். எமது நாட்டின் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி விற்றுக் கொடுத்த பொருளுக்கும், கடைக் கொப்பிக் கடனுக்கும், செய்த வேலைக்கும் கூலிக்கும் பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம். சொந்தக்காரன்தானே, அடுத்த பெருநாளைக்குத் தருவான் என்று இரண்டு பெருநாளைக் கடத்தினால் சட்டத்தின் வாசல் மூடிவிடும். இன்னொன்று, மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில், ஒப்பத்துடன் இருந்தாலன்றிச் செல்லுபடியாகாது என்று 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இன்று ஆயிரம் ரூபாவுக்கு ஒரு வீல்பரோ கூட வராது. ஆக, "நானும் காக்காவும் பங்காளிகள்" என்று வாயால் சொல்லித் திரியும் அநேகர் சட்டத்தின் முன் பங்காளிகளே அல்லர். இவ்வளவுக்கும் அல்குர்ஆனிலேயே நீளமான வசனம், சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது.

இதை நான் சட்டப் புத்தகத்திலிருந்து படிக்கவில்லை. 2019 இல் வாப்பா வபாத்தானார். அப்போது மூன்று வீடுகள் நடுவழியில் இருந்தன. தொழில் அவருடைய தனிப் பெயரில் பதிவாகியிருந்தது, வங்கிக் கணக்கும் அவர் பெயரில். மரணத்தை அறிந்ததும் வங்கி கணக்கை நிறுத்தி வைத்தது. அதில் அவர்கள் பிழை ஒன்றுமில்லை, முறை அதுதான். கணக்கில் 18 இலட்சம் கிடந்தது. எங்கள் சகோதரிகளின் கண்ணுக்கு அது வாப்பாவின் சொத்து. ஆனால் அதில் பெரும்பகுதி இரண்டு வீட்டுக்காரர்கள் தந்த முற்பணம். எவ்வளவு என்று வாப்பாவுக்குத் தெரியும். கொப்பியில் அரைகுறையாகவும் மனதில் முழுமையாகவும் வைத்திருந்தார். ஹாட்வெயார் பில்களையும் கூலிச் சிட்டைகளையும் வைத்துக்கொண்டு நானும் காக்காவும் நாற்பது நாட்களுக்கு மேலாகக் கணக்கைத் தோண்டியெடுத்தோம். வேலை நின்றுவிடக் கூடாதென்று உம்மாவின் நகை அடகுக்குப் போனது. முடிவில் 13 இலட்சம் மற்றவர்களுடைய காசு என்று கண்டோம். மையித்தின் கடனையும் அமானிதத்தையும் கொடுத்த பின்னர்தான் பங்கீடு என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். தெரிந்திருந்தும், 18 ஐ எதிர்பார்த்திருந்த சகோதரிகளிடம் போய் 5 என்று சொன்ன நாளை நான் மறக்கவில்லை. அவர்கள் எங்களைச் சந்தேகித்தார்கள் என்று சொல்லமாட்டேன். பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள்.

பங்கீடு என்று வந்தபோது அடுத்த பிரச்சினை. எமது வாரிசுரிமை 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மார்க்க முறைப்படி வருவது. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும், ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. மொத்தத்தை 64 பங்காக்கினால் உம்மாவுக்கு 8, எங்கள் ஒவ்வொருவருக்கும் 14, சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் 7. கணக்கு நேரானது. எதைப் பங்கிடுவது என்பதுதான் கேள்வி. மிக்ஸர் மெசின், முட்டுக் கம்பிகள், பலகைகள், லொறி இவையெல்லாம் வாப்பாவுடையவையா? காக்கா இருபத்தொரு வருடம் வேலை செய்து சம்பளம் என்று ஒன்றை எடுத்ததே இல்லை, தேவைக்கு வாங்கிக்கொள்வார். மௌலவி ஒருவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, "நீங்கள் வாப்பாவோடு கூலியாளாக நின்றீர்களா, பங்காளியாக நின்றீர்களா, அல்லது சும்மா உதவியாக நின்றீர்களா?" என்றுதான். மூன்றுக்கும் தீர்ப்பு வேறு வேறு. காக்கா தலையைக் குனிந்துகொண்டார். அப்படி ஒரு பேச்சு அவர்கள் இருவருக்கிடையில் ஒரு நாளும் நடந்ததில்லை. கட்டாரிலிருந்து தம்பி 2012 இல் மிக்ஸருக்கென்று அனுப்பிய காசு கடனா, அன்பளிப்பா, பங்கா என்பதற்கும் எழுத்தில் ஒன்றுமில்லை.

சகோதரிகள் இருவரும் மனம் பொருந்தி, உபகரணங்கள் காக்காவின் உழைப்புக்குச் சேரட்டும் என்று விட்டுக்கொடுத்ததால் காரியம் முடிந்தது. தம்பியும் மிக்ஸர் காசைக் கேட்கவில்லை. எல்லாக் குடும்பங்களிலும் இப்படி முடிவதில்லை. ஒரே மதிலுக்கு இரு பக்கமும் சலாம் சொல்லாத சகோதரர்கள் எந்த ஊரில் இல்லை?

2022 நஷ்டம் அடைந்து முடிந்த பிறகு நானும் காக்காவும் சட்டத்தரணி ஒருவர் மூலம் பங்குடைமை உடன்படிக்கை எழுதி, தொழிலை இருவர் பெயரிலும் பதிந்தோம். யார் எவ்வளவு போட்டார், மாதம் எவ்வளவு எடுக்கலாம், ஒருவர் மௌத்தானால் நடுவழியில் நிற்கும் வீடுகளை யார் முடிப்பது, வீட்டுக்காரர்களின் முற்பணம் எந்தக் கணக்கில் தனியாக இருக்கும், எல்லாம் நான்கு பக்கங்களில் அடங்கின. கடந்த வருடம் காக்காவின் மகன் அளவைப் படிப்பை முடித்துவிட்டு எங்களோடு சேர்ந்தான். முதல் நாளே அவனுக்கு நியமனக் கடிதம் கொடுத்தேன்: சம்பளம் இவ்வளவு, ஊழியர் சேமலாப நிதிக்கு அவனிடமிருந்து நூற்றுக்கு 8, எங்களிடமிருந்து 12, நம்பிக்கை நிதிக்கு 3.

"சாச்சா, நான் என்ன வெளியாளா?" என்று கேட்டான்.

காக்கா பேனாவை எடுத்து அவன் கையில் கொடுத்தார். ஒப்பமிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.