புயலுக்குப் பின் கடலடிப் புல்வெளி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னை விவசாயிகளுக்கு அன்று பட்ட பாடு மறந்திருக்காது. அந்தத் தோப்புகளைத் தாண்டி, பாக் விரிகுடாவின் அடியிலும் ஒரு பசுமை பரந்து கிடக்கிறது. அதுதான் கடற்புல். புயல் நிவாரணப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

கடற்புல்லைப் பாசி என்று நினைத்துவிடாதீர்கள். வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உள்ள செடி அது. அருகம்புல் போல மண்ணுக்குள் தண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். இறால் குஞ்சும் நண்டும் ஓரா மீனும் அதற்குள்தான் வளர்கின்றன. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவுக்கும் அதுதான் மேய்ச்சல் நிலம். தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டதற்கு இந்தப் புல்லே காரணம்.

ஆழம் குறைந்த கடலில் புயல் அலையின் இழுப்பு அடிமண் வரை எட்டும். இலை மட்டும் அறுந்தால் கவலையில்லை, அறுத்த புல்லைப் போல மறுபடி துளிர்த்துவிடும். மண் அரித்துத் தண்டே பெயர்ந்தால், அல்லது மணல் மேலே மூடினால்தான் சிக்கல்.

அதைவிடப் பெரிய கேடு கலங்கல் நீர். புயல் ஓய்ந்து வாரக்கணக்கில் தண்ணீர் தெளியாவிட்டால் வெயில் அடிவரை இறங்காது, புல் பட்டினியில் சாகும். 1992இல் ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடாவில் மூன்று வாரத்துக்குள் இரண்டு வெள்ளமும் ஒரு புயலும் வந்தன. சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் கடற்புல் அழிந்தது. அலை எட்டாத ஆழத்தில் இருந்ததும் சேற்றுநீரால் போனது. மேய்ச்சல் இல்லாமல் கடற்பசுக்கள் மெலிந்து செத்தன.

அந்தச் சேற்றில் ஒரு பங்கு நிலத்திலிருந்து போவது. கரை உடைந்த வாய்க்காலும், மழைக்கு முதல்நாள் தூவிய யூரியாவும் கடலில்தான் போய்ச் சேருகின்றன. உரச்சத்து மிகுந்தால் பாசி பெருகிப் புல்லின் இலையை மூடும். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் மேலுரத்தைத் தள்ளிப் போடுங்கள். உங்கள் காசும் மிஞ்சும்.

சிறிய இலை வகைகள் சில மாதங்களில் மீண்டுவிடும். நீண்ட இலை வகைகளுக்கு ஆண்டுக்கணக்காகும். அதற்குள் இழுவை மடி அடியைச் சுரண்டினால் புயல் மிச்சம் வைத்ததும் போய்விடும். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, கடைப்பிடிப்பதுதான் குறைவு.

பாக் விரிகுடாவில் மூங்கில் சட்டத்தில் தென்னை நார்க்கயிறு கட்டி, அதில் நாற்றைச் செருகிக் கடலடியில் பதித்து நடுகிறார்கள். மூங்கிலும் நாரும் மட்கிப் போகும், புல் நிற்கும். நம் தென்னை நாருக்கு இப்படியும் ஒரு வேலை!

புயலுக்குப் பின் கரை ஒதுங்கும் புல்லை வண்டி வண்டியாக வாரிவிட வேண்டாம். அது கரை மணலைப் பிடித்து வைக்கும். தென்னைக்குக் கொஞ்சம் எடுப்பதானால் இரண்டு மூன்று மழையில் உப்புக் கழுவவிட்டு, மட்கிய பிறகு பாத்தியில் போடுங்கள்.