யார்க்கந்து வழியும் ஸர் டக்ளஸ் போர்ஸைத்தும்

கோரையாறு கடலையடுத்த காயலில் சென்று சேரும் முத்துப்பேட்டைப் பகுதியில் வாழும் குடியானவர்களுக்கு, வழி திறந்தால் வியாபாரம் பெருகும் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மாயவரம் என வழங்கிவந்த மயிலாடுதுறையிலிருந்து முத்துப்பேட்டை வரையில் 54 மைல் நீளமுள்ள இருப்புப்பாதை 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதனை அமைத்தவர்கள் தஞ்சாவூர் ஜில்லா போர்டார். அதற்கான மூலதனத்திற்கு ஆதாரமாயிருந்தது நிலத்தின்மேல் விதிக்கப்பட்ட விசேஷ வரியாகும். ஆனால், வழி ஒன்றுமட்டும் இருந்துவிட்டால் போதுமா? வேறு எவை கூடிவந்தால் வியாபாரம் நிலைக்கும்? இவ்விஷயத்தை விளக்குவதற்கு, வட இந்தியாவின் எல்லைப்புறத்தில் வழி திறக்க முயன்ற ஓர் உத்தியோகஸ்தரின் சரித்திரம் மிகவும் பயன்படும்.

தாமஸ் டக்ளஸ் போர்ஸைத் 1827-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். 1848-இல் கம்பெனியாரின் சிவில் உத்தியோகத்தில் அமர்ந்து இந்தியா வந்து, பஞ்சாப் மாகாணத்தில் நெடுநாள் பணியாற்றினார். ஹிமாலயத்திற்கு அப்பால் யார்க்கந்து, காஷ்கர் என்னும் நகரங்களை உடைய கிழக்குத் துருக்கிஸ்தானம் உளது. அங்குள்ள ஜனங்கள் தேயிலையை மிகவும் விரும்பி அருந்துபவர்கள். 1864-இல் அங்கே சீன ஆட்சிக்கு விரோதமாகக் கலகம் மூண்டு, சீனத் தேயிலையின் வரத்து நின்றுபோயிற்று. பஞ்சாபைச் சேர்ந்த காங்க்ரா பள்ளத்தாக்கிலோ அக்காலத்தில் தேயிலைத் தோட்டங்கள் புதிதாகப் பெருகிவந்தன. இங்கே விளையும் சரக்கை அங்கே கொண்டுசேர்த்தால் இரு திறத்தாரும் நன்மையடைவர் என்பது போர்ஸைத்தின் கருத்து.

தடையாக நின்றவை இரண்டு. முதலாவது மலை. காரகோரம் கணவாய் கடல்மட்டத்திற்கு மேல் 18,000 அடிக்கு அதிகமான உயரமுள்ளது. பல நாள் பிரயாணத்தில் புல்லும் விறகும் அகப்படா. இரண்டாவது தீர்வை. லடாக் வழியாகச் செல்லும் சரக்குகளின்மேல் காஷ்மீர் ராஜ்யத்தின் அதிகாரிகள் வரி வாங்கிவந்தனர். வரியின் அளவைக்காட்டிலும் அதன் நிச்சயமின்மையே வியாபாரிகளை அதிகமாக வருத்தியது. ஓர் உதாரணத்தால் இதனை அறியலாம். முத்துப்பேட்டையிலிருந்து நெல் ஏற்றிச் செல்லும் ஒருவர், வழியில் நான்கு இடங்களில் தீர்வை கொடுக்க வேண்டுமென்றும், ஒவ்வோரிடத்திலும் கேட்பவர் மனம்போல் தொகை மாறுமென்றும் வைத்துக்கொள்வோம். அவர் தமது சரக்கிற்கு விலை சொல்லவே இயலாது. விலை சொல்ல இயலாதவர் வண்டி பூட்டமாட்டார்.

ஆகவே போர்ஸைத் 1867-இல் லே நகருக்கு நேரில் சென்று நிலைமையை விசாரித்தார். திரும்பிவந்ததும் காங்க்ராவைச் சேர்ந்த பாலம்பூரில் வருஷாந்திரச் சந்தை ஒன்றை ஏற்படுத்தி, துருக்கிஸ்தானத்து வியாபாரிகளை அதற்கு அழைத்தார். 1870-இல் காஷ்மீர் மஹாராஜாவுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையினால், ஒரு வழி தீர்வையற்றதாக ஆக்கப்பட்டு, அதனைக் கண்காணிக்க இரு அரசாங்கத்தாரின் சார்பிலும் கமிஷனர்கள் நியமிக்கப்பட்டனர்.

அவ்வாண்டிலேயே வைஸ்ராய் மேயோ பிரபு அவரை யார்க்கந்துக்கு அனுப்பினார். சாங்சென்மோ வழியில் தீனியின்றிச் சுமைமிருகங்கள் பல மாண்டன. அந்நாட்டை ஆண்ட யாக்கூப் பேக் யுத்தத்தின்பொருட்டு வெளியே சென்றிருந்தபடியால், காணாமலே திரும்ப நேர்ந்தது. 1873-இல் இரண்டாம் முறை பெரிய தூதுகோஷ்டியுடன் சென்று, 1874-இல் வியாபார உடன்படிக்கை செய்துகொண்டார். இந்தியச் சரக்குகளுக்கு அந்நாட்டில் மதிப்பின்மேல் நூற்றுக்கு இரண்டரைக்கு மேற்படாத தீர்வை என்பது அதன் முக்கிய ஷரத்து. இச்சேவைக்காக அவருக்கு ஸர் பட்டம் அளிக்கப்பட்டது.

இவ்விரு பிரயாணங்களுக்கும் இடையே நிகழ்ந்ததையும் மறைத்தல் நியாயமன்று. 1872 ஜனவரியில் மலேர்கோட்லாவில் கூக்கா சீக்கியர்கள் கிளர்ந்தெழுந்தபோது, லூதியானா டிப்டி கமிஷனர், பிடிபட்டவர்களை முறையான விசாரணையின்றிப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச்செய்தார். கமிஷனராயிருந்த போர்ஸைத் அச்செயலை அங்கீகரித்ததுடன், மேலும் 16 பேருக்குச் சுருக்கமான விசாரணையின் பேரில் அதே தண்டனையை நிறைவேற்றினார். டிப்டி கமிஷனர் உத்தியோகத்தை இழந்தார். போர்ஸைத் பஞ்சாபிலிருந்து அயோத்தி மாகாணத்திற்கு மாற்றப்பட்டார். தூரதேசத்து வியாபாரிகளுக்குத் தீர்வை ஒழுங்கு வேண்டுமென்று வாதாடியவர், தம் ஆட்சிக்குட்பட்ட குடிகளுக்குச் சட்டத்தின் ஒழுங்கை அளிக்கவில்லை. அவர் 1886-இல் காலமானார்.

உடன்படிக்கையின் கதி என்ன? அது யாக்கூப் பேக் என்னும் ஒரு மனிதரையே தூணாகக் கொண்டு நின்றது. 1877-இல் அவர் இறந்தார், சீனர்கள் நாட்டை மீட்டுக்கொண்டனர், ஷரத்துகள் பயனற்றுப்போயின. லே வழி வியாபாரம் அடியோடு நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் சிறிய அளவில் நடந்தது. ஆயினும் எதிர்பார்த்த தேயிலைப் பெருக்கம் கைகூடவில்லை. பிற்காலத்தில் அவ்வழியே இந்தியாவுக்கு வந்த சரக்குகளில் முக்கியமானது கஞ்சாப்பிசினாகிய சரஸ் என்பதாகும்.

இதனால் அறியத்தக்கவை மூன்று. சந்தைக்கு வழி வேண்டும். வழியில் கொடுக்கவேண்டியது முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வேற்பாடு ஒருவருடைய தயவில் நில்லாமல் பலர் சேர்ந்து காப்பதாக இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாதபடியால் முதலிரண்டும் பாலம்பூர்த் தேயிலைக்கு உதவவில்லை. டெல்டாக் கிராமங்களுக்கும் இது பொருந்தும். அறுவடைக்கு முன்பே கடனுக்காக நெல்லை ஒப்புக்கொடுத்துவிட்டவருக்கு ரயிலும் ரஸ்தாவும் லாபம் தாரா. குடியானவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, நெல்லைக் கிடங்கில் வைத்து, அதன் பேரில் கடன் பெற்று, விலை வரும்போது சரியான எடையில் விற்பார்களாயின், போட்ட வழியின் பயன் வரி கொடுத்தவர் வீட்டையே வந்துசேரும்.