இரு படைகள் சந்திக்கும் எல்லை

வயலின் வரம்பு சிறிதே உயர்ந்தாலும் நீரோட்டம் தடைப்படும். மின்னோட்டத்திற்கும் அத்தகைய வரம்புகள் உண்டு.

இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றின் திரையில் ஒளி தருபவை, காபனை அடிப்படையாகக் கொண்ட சேதனக் குறைகடத்திகளின் மெல்லிய படைகளாகும். 1987ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்து ஆய்வாளர்களான சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் இத்தகைய இரு படைகளை அடுக்கி, 10 உவோற்றிற்கும் குறைந்த அழுத்தத்தில் ஒளிரச் செய்தமையை வெளியிட்டனர்.

அப்படைகள் தொடும் எல்லையில் நிகழ்வது யாது? தனித்தனியே மின் நடுநிலையுள்ள இரு பொருள்கள் சேர்ந்த பின்னரும் மாற்றமின்றி இருக்கும் என எண்ணத் தோன்றும். எப்பொழுதும் அஃது உண்மையன்று. ஒரு படையின் மூலக்கூறுகள் இலத்திரனை எளிதில் விடுவனவாயும், மற்றையவை விரும்பி ஏற்பனவாயும் இருப்பின், சிறிதளவு ஏற்றம் எல்லையைக் கடக்கும். கொடுத்த பக்கம் நேரேற்றமும் பெற்ற பக்கம் மறையேற்றமும் அடையும். இவ்வாறு எதிரெதிர் ஏற்றங்கள் அருகருகே நிற்பதே மின்னிருமுனை எனப்படும்.

அதன் தடிப்பு ஓரிரு மூலக்கூறளவே. எனினும் அங்கே மின்னழுத்தம் ஒரு படிபோல் மாறுகின்றது. அப்படி இலத்திரனின் வழியைச் சில இணைகளில் எளிதாக்கும், சிலவற்றில் மறிக்கும். அறை வெப்பநிலையில் தடை 0.1 இலத்திரன் உவோற்று உயர்ந்தால், வெப்பத்தின் துணையால் அதனைத் தாண்டும் இலத்திரன்கள் ஏறக்குறைய 50இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குறையை ஈடுசெய்ய அழுத்தத்தைக் கூட்டவேண்டும். மின்சக்தி வீணே வெப்பமாகும்.

இப்படியை அளக்கவும் வழியுண்டு. படையின்மீது புற ஊதாக் கதிரைச் செலுத்தி, வெளிப்படும் இலத்திரன்களின் சக்தியை அளந்து அறிகின்றனர். ஆகவே நல்ல பொருள்கள் இரண்டைத் தேர்ந்தால் மட்டும் போதாது. அவை கூடும் எல்லையின் இயல்பையும் ஆராய்தல் வேண்டும்.